முப்பது மில்லி சிஸ்டர்

திண்டுக்கல்லில் முப்பது வருஷமாக எலெக்ட்ரிகல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். நான் மாட்டிய பேனல் போர்டுகள் பூட்டுப் பட்டறைகளில் இருக்கின்றன, கல்யாண மண்டபங்களில் இருக்கின்றன, ரெட்டியார்சத்திரம் பக்கம் பாதிப் பம்ப் ஷெட்டுகளில் இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டு, ‘இதைக் கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க’ என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன ஆள் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு கன்னியாஸ்திரி.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் எங்கள் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. முப்பது மில்லி சிஸ்டர் என்றால்தான் தெரியும். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். மடத்தில் சேருவதற்கு முன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவர். ஜெபமாலை வைத்திருக்கும் பையிலேயே ஒரு டெஸ்டரும் வைத்திருப்பார். எது எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது.

முப்பது மில்லி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மெயின் போர்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று அச்சிட்டிருப்பார்கள், நாங்கள் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்போம், வீட்டுக்காரர்கள் ‘அந்த விழுற சுவிட்சு’ என்பார்கள். உள்ளே போகிற கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், அந்தக் கொஞ்சம் யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு சப்ளையை அறுத்துவிடும். எவ்வளவு குறைந்தால் அறுக்க வேண்டும் என்பதற்குத்தான் முப்பது, நூறு, முந்நூறு என்று மில்லி ஆம்பியர் கணக்கு.

எங்கள் தொழிலில் மற்ற எல்லாவற்றிலும் பெரிய எண்தான் உசத்தி. வயர் தடிமன் கூடினால் உசத்தி, மோட்டார் குதிரைத்திறன் கூடினால் உசத்தி. அதே பழக்கத்தில் இதிலும், ‘உங்க கட்டடம் பெரிசு, முந்நூறே போட்டுருவோம்’ என்போம். கட்டடக்காரரும் பெருமையாகத் தலையாட்டுவார். முந்நூறு விழுவதற்குள் மனிதன் விழுந்துவிடுவான் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முப்பது போட்டால் சாரல் அடித்தால் விழும், கிரைண்டர் நனைந்தால் விழும், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றில் கை வைக்கும்போது போன் வரும். முந்நூறு போட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் தேர்வு முறை அவ்வளவுதான்.

சிஸ்டரை முதலில் பார்த்தது அவர்களுடைய பெண்கள் ஹாஸ்டலில். புதிதாக ஒரு மாடி எழுப்பி, கீழே சின்ன கிளினிக் ஒன்றும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பேனல் மாட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டுக் காபிக்காகக் காத்திருந்தேன். காபி வரவில்லை. சிஸ்டர் வந்தார். கதவைத் திறந்து செத்த நேரம் பார்த்தார்.

“காண்ட்ராக்டரே, இது ஒண்ணுதானா?”

“கட்டடம் முழுசுக்கும் அது காவல் சிஸ்டர். ஹெவி டைப். முந்நூறு.”

“கட்டடம் தீப்பிடிக்காம இருக்க இது போதும். பிள்ளைகளுக்கு எது?”

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டை என் கையில் கொடுத்தார். நாங்கள் நோட்டில் லோடு எழுதுவோம், இத்தனை ஃபேன், இத்தனை லைட் என்று. அவர் கைகளை எழுதி வைத்திருந்தார். கெய்சர்: பிள்ளைகள், ஈரக் கை, வெறுங்கால். கிரைண்டர்: சமையல்காரம்மா, ஈரக் கை, செருப்பு சில நாள் உண்டு, சில நாள் இல்லை. கம்ப்யூட்டர் ரூம்: காய்ந்த கை. தோட்டத்து மோட்டார்: யார் வேண்டுமானாலும், சேற்றுக் கால். கிளினிக் ஃப்ரிட்ஜ்: நர்ஸ் மட்டும், ஆனால் உள்ளே இன்சுலின் இருக்கிறது.

“ஈரக் கை படுற எடத்துக்கெல்லாம் தனித்தனியா முப்பது. ஃப்ரிட்ஜுக்கு அதுக்கு மட்டும் ஒண்ணு, கெய்சர் விழுந்ததுக்காக இன்சுலின் கெடக்கூடாது. வாஷிங் மெஷினுக்கு ஏ டைப் பாத்து வாங்குங்க. அதுக்குள்ள எலெக்ட்ரானிக் போர்டு இருக்கு, சாதா டைப்பு அதுல கசியுறதைச் சில நேரம் கண்டுக்கிறாது. மெயின்ல உங்க முந்நூறு இருக்கட்டும். ஆனா செத்தப் பொறுத்து விழுற டைப்பா மாத்துங்க. கிரைண்டர்ல கசிஞ்சா கிரைண்டர் மட்டும் நிக்கணும், மாடி முழுக்க எதுக்கு இருட்டாகணும்?”

“இம்புட்டும் போட்டா பேனல் பெரிசாயிரும் சிஸ்டர்.”

“செவரு பெரிசாத்தானே இருக்கு” என்றார்.

கழற்றினேன், மறுபடி மாட்டினேன். கழற்றும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நான் முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது. எங்கள் சம்பந்தம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு வாரத்தில் நான் எதிர்பார்த்தபடியே போன் வந்தது. தினமும் காலை ஐந்தரைக்கு, பிள்ளைகள் குளிக்கும் நேரத்தில், கெய்சர் லைன் விழுகிறது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பையில் ஒரு நூறு மில்லியை வைத்துக்கொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மூன்று கெய்சரையும் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடித்திருந்தார். மூன்றாவதைப் போட்டதும் விழுந்தது.

“பிள்ளை அழுதா எங்க வலிக்குதுண்டு பாப்பீங்களா, வாயைப் பொத்துவீங்களா காண்ட்ராக்டரே?”

அந்த கெய்சரைத் திறந்தால் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயில் கம்பி வெடித்திருந்தது. நூறு மில்லி பையோடு திரும்பி வந்தது. அன்றைக்கு மட்டும் காபி கொடுத்தார்.

அவருடைய பெரிய வியாதி அந்த டெஸ்ட் பட்டன். அந்த சுவிட்சில் டி என்று எழுதி ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவையாவது அதை அழுத்திப் பார்க்க வேண்டும், விழுந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதை யாரும் அழுத்தியதே இல்லை. பலர் வீட்டில் அதன் மேல் மாட்டியபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட அப்படியே இருக்கும். சிஸ்டர் போகிற இடமெல்லாம் அழுத்துவார். துக்க வீட்டுக்குப் போனாலும் ஜெபம் சொல்லி முடித்துவிட்டு மெயின் போர்டு எங்கே என்றுதான் கேட்பார். பேகம்பூரில் நாங்கள் சாமான் வாங்கும் கடை பாய், சிஸ்டர் தெருமுனையில் வருவது தெரிந்தாலே ஓடுகிற கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார். “அவங்க வந்தா எப்புடியும் கரண்டு போகும், நாமளே முந்திக்கிறது நல்லது” என்பார்.

ஒரு திருவிழாவில் பங்கு மண்டபத்தில் கூட்டம். ஃபாதர் பேசிக்கொண்டிருந்தார். நல்ல பேச்சாளர், ஆனால் நிறுத்தத் தெரியாதவர். மண்டபத்து வயரிங் நான் செய்தது, அதனால் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று மைக் செத்தது, ஃபேன் நின்றது, மேடையில் சீரியல் லைட் போனது. எல்லோரும் திரும்பிப் பார்த்தால், பக்கவாட்டில் போர்டுக்குப் பக்கத்தில் சிஸ்டர் நிற்கிறார்.

“நல்லா வேலை செய்யுது ஃபாதர்” என்று சொல்லிவிட்டு சுவிட்சைத் தூக்கிவிட்டார். “நீங்க பேசுங்க.”

ஃபாதர் இரண்டே நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். சனங்களுக்குச் சிஸ்டர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை வேறு எதற்கும் வந்ததில்லை.

எர்த் குழி, அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழி, அந்த விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துச் செம்மண் பங்குனி, சித்திரையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. சாயங்காலம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரோஜாச் செடிக்கு ஒரு குடம், எர்த் குழிக்கு ஒரு குடம் என்று ஊற்றிக்கொண்டே போவார். ஹாஸ்டல் பிள்ளைகள் அந்தக் குழியில் ஏதோ விதை போட்டிருக்கிறார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஒரு ஆளுக்குப் பின்னால் ஏதாவது பெரிய கதை இருக்கும் என்று நான் நினைத்தேன். சொந்தத்தில் யாருக்காவது ஷாக் அடித்திருக்கும், கண் முன்னால் யாராவது போயிருப்பார்கள். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“ஒண்ணும் நடக்கலையே” என்றார், ஆச்சரியமாக. “நடந்தாத்தான் பாக்கணுமா?”

நாலு வருஷம் திண்டுக்கல்லில் இருந்தார். மடத்திலிருந்து மாற்றல் கடிதம் வந்தது, ஒரே ஒரு பெட்டியோடு வடக்கே எங்கோ ஒரு ஊருக்குப் போனார். எப்போதாவது வாட்ஸ்அப்பில் அந்த ஊர் மெயின் போர்டு படம் வரும். கீழே ஒரு வார்த்தை இருக்காது. நான் பார்த்துவிட்டு என்ன தப்பு என்று எழுதி அனுப்ப வேண்டும். சரியாக எழுதினால் ஒரு கைகூப்பு வரும், தப்பாக எழுதினால் பதிலே வராது.

சிஸ்டரைப் பற்றி இவ்வளவோடு நிறுத்தினால் நல்ல வேடிக்கையான மனுஷி என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அவர் இங்கே இருந்தபோது சின்னாளபட்டியில் நடந்ததையும் சொன்னால்தான் நான் ஒழுங்கான ஆள்.

என் தங்கையைக் கொடுத்திருப்பது சின்னாளபட்டியில். மாப்பிள்ளைக்குச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற ஷெட் இருக்கிறது. சாயத் தண்ணீரைச் சூடாக்க கரண்ட் ஹீட்டர் வைத்த இரும்புத் தொட்டி, பம்ப், சேலையைப் பிழிகிற மிஷின் எல்லாம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை செய்கிற இடம். பேனல் நான்தான் செய்து கொடுத்தேன். சிஸ்டரிடம் பட்ட பாட்டில் புத்தி வந்து, முப்பது மில்லிதான் போட்டிருந்தேன்.

தீபாவளி ஆர்டர் நேரத்தில் அது விழ ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. மாப்பிள்ளை போனில் கத்தினார். “மச்சான், தண்ணி சூடு எறங்குனா சாயம் திட்டுத் திட்டாப் பிடிக்குது. நூறு சேலை வீணாப் போச்சு. ஏதாச்சும் பண்ணுங்க.”

எங்கே கசிகிறது என்று தேட அரை நாள் ஷெட்டை நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தத் தயாரில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அதுதான் உண்மை. அந்த சுவிட்சுக்கு வருகிற வயரை அப்படியே விட்டு, ஷெட்டுக்குப் போகிற லைனை மட்டும் அதைத் தாண்டி நேராகக் கொடுத்துவிட்டேன். சுவிட்ச் மட்டும் அதன் இடத்தில், பார்வைக்குப் பழையபடியே நின்றது. ‘பத்து நாளைக்குத்தான் மாப்பிள்ளை, தீபாவளி முடிஞ்சதும் வந்து சரி பண்றேன்’ என்றேன். தீபாவளி முடிந்தது, பொங்கலும் முடிந்தது. சத்தியமாக எனக்கு மறந்தே போய்விட்டது.

மாசியில் ஹாஸ்டல் வார்டன் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்குக் கொடுக்க நல்ல சுங்குடிச் சேலை வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். என் தங்கச்சி வீடுதான், வாங்க கூட்டிப் போறேன் என்று என் வண்டியிலேயே அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் மாப்பிள்ளை ஷெட் பேனலைப் பற்றி நானே பெருமையடித்துக்கொண்டு வந்தேன். முப்பது மில்லிதான் சிஸ்டர், உங்க பாடம்தான் என்றேன். ஷெட் வாசலில் இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. அவசரமாக முன்னால் போய் மறித்தேன்.

“சிஸ்டர், சேலை எல்லாம் வீட்டுலதான் இருக்கு. ஷெட்டு சேறா இருக்கும்.”

“பாடம் எப்புடி இருக்குண்டு பாத்துட்டு வாரேன்” என்று உள்ளே போய்விட்டார்.

“சாயம் ஓடிக்கிட்டு இருக்கு சிஸ்டர், இப்ப அமுக்க வேணாம்.”

அவர் அழுத்திவிட்டார். சுவிட்சின் கைப்பிடி டப்பென்று கீழே விழுந்தது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டே இருந்தது. பிழிகிற மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

விழுந்த சுவிட்சை ஒரு தடவை பார்த்தார், எரிகிற லைட்டை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாப்பிள்ளையிடம், “மெயினை நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னார். அவர் ஆர்டர், சாயம் என்று ஏதோ ஆரம்பித்தார். சிஸ்டர் தானே போய் மெயினை இறக்கினார். ஷெட் முழுக்க அமைதியானது. தொட்டிகளுக்கு நடுவில் நின்ற பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

“இங்க யாருக்காச்சும் தொட்டியத் தொட்டா கை விறுவிறுங்குதா?”

எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். ஓரத்தில் சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பாண்டியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். சூட்டுத் தொட்டியில் சேலையை முக்கி எடுப்பது அவள் வேலை.

“எனக்குத்தான் அது பழகிப்போச்சே சிஸ்டர். அது தொட்டி இல்ல, எனக்கு நரம்புத் தளர்ச்சி” என்றாள்.

யார் சொன்னார்கள் என்று சிஸ்டர் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தீபாவளிக்கு முன்னாலிருந்தே கை விறுவிறுக்கிறது என்று என் தங்கையிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ரப்பர் செருப்புப் போட்ட மற்றப் பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, செருப்பு வழுக்குகிறது என்று இவள் வெறுங்காலில் நிற்கிறாள். அதனால் தங்கை, உனக்குத்தான் உடம்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டாள். ஊரில் எவனோ ஒருவன் நரம்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறான். அதைத் தின்றுகொண்டு தினமும் வந்து அதே தொட்டியில் கை வைத்திருக்கிறாள். இப்போது தொட்டிப் பக்கம் போகத் தயங்குகிறாள் என்று அடுத்த திங்களிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. என் தங்கை கெட்டவள் இல்லை. அண்ணன் போட்ட பேனல் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சிஸ்டர் பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெயினைப் போட்டு, என் மீட்டரை வாங்கித் தொட்டிக்கும் ஈரத் தரைக்கும் நடுவில் வைத்தார். முள் நகர்ந்ததைப் பார்த்து மாப்பிள்ளை தொட்டியை விட்டு இரண்டடி பின்வாங்கினார். எர்த் குழி எங்கே என்று பார்த்தால், அதற்கு மேல் விறகை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் விழுந்து மாதக் கணக்காகியிருக்கும். சிஸ்டர் மறுபடி மெயினை இறக்கினார். முப்பது மில்லி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த ஹீட்டர் கசிவதைத்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

நான் சிஸ்டரிடம் போனேன். “மன்னிச்சுக்கங்க சிஸ்டர், பத்து நாளைக்குண்டு நெனச்சு...”

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க” என்றார். பேனல் கதவைத் திறந்து ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

முப்பது வருஷத் தொழிலில் அந்த ஷெட்டைக் குறுக்கே கடந்த பத்தடி மாதிரி நான் நடந்ததில்லை. பாண்டியம்மாள் முன்னால் போய் நின்றேன். என்னைக் கண்டதும் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேலையில் குற்றம் சொல்ல வந்திருக்கிறேனோ என்று பார்த்தாள்.

“பாண்டியம்மா, தொட்டியில கரண்டு இருந்திருக்கு. அதைத் தடுக்க ஒரு சுவிட்சு இருந்துச்சு. அதுல இருந்து லைனைக் கழட்டி விட்டது நான்தான். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அதுக்கு நான்தான் காரணம்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்து விரித்துப் பார்த்தாள்.

“அப்ப என் நரம்புல ஒண்ணும் இல்லையாண்ணே?”

பேனலுக்குள் கையை விட்டபடியே சிஸ்டர்தான் சொன்னார். “ஒங்கிட்ட ஒண்ணும் இல்ல, தொட்டியிலதான் இருக்கு. இருந்தாலும் வா, எங்க கிளினிக் டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிருவோம்.”

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டி ஓரம் நின்ற பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

“ஏ, எனக்கு ஒரு நோவும் இல்லையாம்டி. இனிமே பேரனத் தூக்கலாம். கீழ போட்ருவேனோண்டு ரெண்டு மாசமா அந்தப் பிள்ளையத் தொடவே இல்ல.”